திருகாணி முதலாளியும் தண்ணீர்க் குழாயும்

உங்கள் வீட்டுக் கதவின் கீலை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. முனை எப்படி இருக்கிறது? ஊசி மாதிரி கூராக. மரத்தில் வைத்து அழுத்தித் திருகினால் தானே வழி பண்ணிக்கொண்டு உள்ளே போய்விடும்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1850 வாக்கில் இங்கிலாந்தில் விற்ற திருகாணிகளுக்கு முனை மொட்டை. முதலில் மரத்தில் துளை போட வேண்டும். அப்புறம்தான் திருகாணி. கூர்முனையோடு, அதுவும் மெஷினிலேயே மடமடவென்று செய்து தள்ளும் வித்தை அமெரிக்காக்காரர்களிடம் இருந்தது. அந்தக் காப்புரிமையை இங்கிலாந்துக்காக விலை பேசினார், பர்மிங்ஹாமில் திருகாணி செய்துகொண்டிருந்த ஜான் நெட்டில்ஃபோல்ட். விலை 30,000 பவுண்ட். அந்தக் காலத்தில் அது சாமானியத் தொகை இல்லை. மைத்துனரிடம் போய் நின்றார். லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்துகொண்டிருந்த மைத்துனர் 10,000 பவுண்ட் போட்டார். போட்ட காசுக்குக் காவலாக, கணக்குப் பார்க்க, தன் மகனையும் 1854-ல் பர்மிங்ஹாமுக்கு அனுப்பி வைத்தார். பையனுக்கு வயசு 18.

பெயர் ஜோசப் சேம்பர்லின்.

சேம்பர்லின் என்றதும் குடையும் கையுமாக ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். 1938-ல் மியூனிக்கில் ஹிட்லரோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, இனி சண்டையே இல்லை என்று ஊர் திரும்பிய பிரதமர் நெவில் சேம்பர்லின். அவர் இவருடைய மகன். ஆனால் பர்மிங்ஹாமில் போய்ச் சேம்பர்லின் என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாதான். ஒற்றைக் கண் கண்ணாடி, கோட்டில் ஆர்க்கிட் பூ, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேச்சு. பின்னாளில் காலனி மந்திரியாகி போயர் யுத்தம் வரைக்கும் போனவர். அந்தக் கதை இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது மந்திரி சேம்பர்லின் இல்லை. வார்டு கவுன்சிலர் சேம்பர்லின்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எந்த ஊரிலும் நகரசபைத் தேர்தல் வந்தால் வேட்பாளர் பட்டியலில் நாலைந்து உள்ளூர் முதலாளிகள் இருப்பார்கள். ‘சொந்தத் தொழிலை நடத்தத் தெரிந்தவர், ஊரையும் நடத்துவார்’ என்று ஒரு கட்சி. ‘சொந்தத் தொழிலை வளர்க்கத்தான் வருகிறார்’ என்று இன்னொரு கட்சி. முதல் தடவை நிற்கும்போது இதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆசாமி இரண்டாம் தடவை வந்து நிற்கிறார் பாருங்கள், அப்போது கேட்கலாம். ‘கணக்கைக் காட்டுங்க சார்.’

எந்தக் கணக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சேம்பர்லின் வருவதற்கு முன்னாலும் பர்மிங்ஹாம் கவுன்சிலில் வியாபாரிகள் இல்லாமல் இல்லை. பேனா நிப், பட்டன், துப்பாக்கி, நகை, பித்தளைச் சாமான் என்று சகலமும் செய்த ஊர் அது. 1850-களில் கவுன்சில் ஒரு கோஷ்டியின் பிடிக்குள் இருந்தது. தலைவர் ஜோசப் ஆல்டே. இவர்கள் கூடிப் பேசும் இடம் ‘உட்மன்’ என்ற மதுக்கடை. முடிவெல்லாம் அங்கே, கவுன்சிலில் கை தூக்குவது மட்டும்தான் பாக்கி.

ஆல்டேயை வெறும் வில்லனாக நினைத்துவிடாதீர்கள். பர்மிங்ஹாம் ஜெயிலில் கைதிகளுக்கு நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் கவுன்சிலில் அவர் கோஷ்டிக்கு ஒரே கொள்கை: செலவைக் குறை. வரியை ஏற்றாதே. சாக்கடைக்கும் ரோட்டுக்கும் திட்டம் போட்ட பொறியாளர் ஜான் பிகாட் ஸ்மித்தை 1857-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பொறியாளர் போனால் பரவாயில்லை. அவரோடு சேர்ந்து திட்டங்களும் போய்விட்டனவே!

இவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கல்லாப்பெட்டிக் கணக்கு. இன்றைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் என்ன. சின்னக் கடைக்காரருக்கு அது நியாயமான கணக்கு. சொந்தமாக நாலு வாடகை வீடு வைத்திருப்பவருக்கு வரி ஒரு பென்னி ஏறினாலும் வலிக்கத்தான் செய்யும். ஓட்டுப் போடுபவரும் அதே வரி கட்டும் ஆசாமி. ஆக, ‘வரி ஏறவில்லை’ என்று சொல்லி வருஷா வருஷம் ஜெயித்துவிடலாம்.

செலவு ஏறாத அந்த ஊர் எப்படி இருந்தது? கைப்பம்பும் கழிப்பிடமும் பொதுவாக வைத்து, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள். ஊரில் பாதிப் பேருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தக் கிணறுகளில் பலவற்றில் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் கம்பெனி ஒன்று இருந்தது, தனியார். காசு கட்டியவர்களுக்குக்கூடக் குழாயில் வாரத்தில் மூன்று நாள்தான் வரும்.

மரணம் எந்தக் கடைக்காரரின் கல்லாப்பெட்டிக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இப்போது நம் ஆளிடம் திரும்புவோம். நெட்டில்ஃபோல்ட் அண்ட் சேம்பர்லின் கம்பெனி அந்த மெஷினை வைத்துக்கொண்டு ஜெட் வேகத்தில் வளர்ந்தது. கணக்கும் விற்பனையும் சேம்பர்லின் பொறுப்பு. கொஞ்ச வருஷத்தில் இங்கிலாந்தில் தயாரான திருகாணியில் மூன்றில் இரண்டு பங்கு இவர்களுடையது. சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் கடையைக் கட்டினார்கள், அல்லது இவர்களிடமே விற்றுவிட்டார்கள். ‘எங்கள் கழுத்தை நெரித்துத்தான் இந்த ஆள் பணக்காரன் ஆனான்’ என்று அரசியல் எதிரிகள் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, நியாயமான விலை கொடுத்துத்தான் வாங்கினார் என்று வாதாடியவர்களும் உண்டு.

(இந்தத் திருகாணி நம் ஊருக்கும் வந்தது. 1902-ல் நெட்டில்ஃபோல்ட் கம்பெனி கெஸ்ட் கீனோடு சேர்ந்து ஜி.கே.என். ஆனது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் ஹௌராவின் கெஸ்ட் கீன் வில்லியம்ஸ். ‘ஜி.கே.டபிள்யூ. ஸ்க்ரூ போடுங்க’ என்று ஆசாரியிடம் சொன்ன தலைமுறைக்கு இது புரியும்.)

பணம் வந்த வீட்டுப் பையனுக்கு ஊர்க் கவலை எங்கிருந்து வந்தது? சர்ச்சிலிருந்து. ஜார்ஜ் டாசன் என்று ஒரு பிரசங்கி. ஆர்.டபிள்யூ. டேல் என்று இன்னொருவர். பக்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு மட்டும் இல்லை. சாக்கடையைச் சுத்தம் செய்வதும், ஏழைக்கு நூலகம் திறப்பதும்தான் என்று பேசினார்கள். படித்தவர்கள், பெரிய முதலாளிகள் எல்லாம் கவுன்சில் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் ஒதுங்கியிருந்தால் ஊர் எப்படி உருப்படும் என்று பிரசங்க மேடையிலேயே கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ஃபேக்டரி முதலாளிகள். உறைத்தது.

1869 நவம்பரில் செயிண்ட் பால்ஸ் வார்டில் சேம்பர்லின் நின்றார், ஜெயித்தார். வயசு 33. அந்த வருஷம்தான் வரி கட்டும் பெண்களுக்கும் நகரசபை ஓட்டு கிடைத்தது. பார்லிமெண்ட் ஓட்டுக்கு அவர்கள் இன்னும் சுமார் 50 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. பதவிக்காலம் மூன்று வருஷம். இன்னொரு விதியும் இருந்தது: கவுன்சிலோடு கான்ட்ராக்ட் வைத்திருப்பவர் கவுன்சிலராக இருக்கக்கூடாது. 1835-ம் வருஷத்துச் சட்டம். ரோடு போடும் கான்ட்ராக்டரே ரோட்டுக்குத் தீர்மானம் போடுகிற வேலை நடக்காது என்பது சட்டத்தின் எண்ணம்.

மூன்று வருஷம் ஓடியது. 1872 நவம்பரில் சேம்பர்லின் மறுபடி வாக்காளர் முன்னால். அந்த வருஷம் ஒரு விசேஷம். ரகசிய ஓட்டுச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அதுவரைக்கும் யாருக்கு ஓட்டு என்பது ஊருக்கே தெரியும். முதலாளிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும். இனிமேல் பெட்டிக்குள் என்ன விழுந்தது என்பது போட்டவருக்கு மட்டும்தான் வெளிச்சம். ஆள் ஜெயித்து வந்தார். அடுத்த வருஷம் நவம்பரில் கவுன்சில் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

மேயர் பதவி எத்தனை வருஷம் தெரியுமா? ஒன்றே ஒன்று. நவம்பர் டு நவம்பர். ஒவ்வொரு வருஷமும் கவுன்சில் மறுபடி தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு இது முக்கியம். கையில் இருப்பது ஒரு வருஷம். மனுஷன் கையில் எடுத்ததோ, கடன் அடையவே பல பத்து வருஷம் ஆகிற வேலை.

முதல் வேலை கேஸ். சமையல் கேஸ் இல்லை. நிலக்கரியைச் சுட்டு எடுத்த கேஸ், தெரு விளக்குக்கும் வீட்டு விளக்குக்கும். ஊரில் இரண்டு தனியார் கம்பெனிகள் விற்றுக்கொண்டிருந்தன. இரண்டு கம்பெனி, இரண்டு நிர்வாகம், இரண்டு லாபம். இரண்டையும் ஊரே வாங்கிவிட வேண்டும் என்றார் சேம்பர்லின். விலை கிட்டத்தட்ட 20 லட்சம் பவுண்ட்!

கவுன்சிலர்கள் தலைசுற்றிப் போயிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 1874 ஜனவரியில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 54. எதிர்ப்பு 2. வரி கட்டுகிறவர்களின் கூட்டத்திலும் சம்மதம் வாங்கினார்.

எப்படிச் சாதித்தார்? வியாபாரிகளிடம் வியாபார பாஷையில் பேசினார். ஊர் வளர்கிறது, கேஸ் தேவை ஏறிக்கொண்டே போகும். இரண்டு கம்பெனியை ஒன்றாக்கினால் செலவு குறையும். அசலுக்கும் வட்டிக்கும் ஒதுக்கியது போக மிச்சம் ஊருக்கு. ‘நம்பிக்கை இல்லையா? எனக்கே குத்தகைக்கு விடுங்கள். வருஷா வருஷம் ஊருக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, 14 வருஷத்தில் நான் ஒரு சொத்தே சேர்த்துக் காட்டுகிறேன்’ என்கிற அர்த்தத்தில் பேசினார். திருகாணியில் சம்பாதித்துக் காட்டிய ஆள் சொன்னால் எடுபடாதா என்ன?

முதல் வருஷ லாபம் 15,000 பவுண்ட் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 34,000.

இந்த லாபம் என்ன ஆயிற்று என்பதற்கு பர்மிங்ஹாமில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 1885-ல் ஊரின் ஓவியக் கூடம் திறந்தார்கள். கீழே கேஸ் கமிட்டி ஆபீஸ். மாடியில் ஓவியங்கள். தொழிலில் வந்த லாபத்தைக் கொண்டு கலையை வளர்க்கிறோம் என்ற அர்த்தத்தில் அங்கே ஒரு கல்வெட்டு. கேஸ் பில் கட்டியவர் தன் காசில் வந்த படத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்!

இரண்டாவது வேலை தண்ணீர். இங்கேதான் சேம்பர்லின் எனக்கு ரொம்பப் பிடித்துப்போகிறார். பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் லாபம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். கேஸில் லாபம் பார்த்த மனுஷன் தண்ணீரிலும் பார்ப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. தண்ணீரில் ஊர் லாபம் பார்க்கவே கூடாது என்றார். மிச்சம் வந்தால் அது தண்ணீர் விலையைக் குறைக்கத்தான் போக வேண்டும். கேஸ் இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம்; தண்ணீர் இல்லாவிட்டால்? மனுஷனுடைய உயிரும் சாவும் சம்பந்தப்பட்ட ஒன்று தனியார் கம்பெனியின் கையில் இருக்கக்கூடாது என்று பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் போய் வாதாடினார். 13,50,000 பவுண்ட் மதிப்பில் தண்ணீர்க் கம்பெனியும் 1876 ஜனவரியில் ஊர்ச் சொத்தானது.

எதில் லாபம் பார்க்கலாம், எதில் பார்க்கக்கூடாது என்று தெரிந்தவர்தான் நல்ல வியாபாரி. எல்லாவற்றிலும் பார்ப்பவரை நம் ஊரில் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

இந்த நடுவில் அவர் வாழ்க்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1874-ல் அப்பா காலமானார். அதே வருஷம் குடும்பம் திருகாணிக் கம்பெனியில் இருந்த பங்கு மொத்தத்தையும் நெட்டில்ஃபோல்ட்களுக்கே விற்றுவிட்டது. ஜோசப்பின் சொந்தப் பங்காகக் கிடைத்தது சுமார் 1,20,000 பவுண்ட். வயசு 38. இனி முழு நேரமும் ஊர் வேலை, சம்பளம் இல்லாமல். அந்த வருஷம் நவம்பரில் மறுபடி மேயர். 1875 பிப்ரவரியில் மனைவி ஃப்ளோரன்ஸ் பிரசவத்தில் இறந்துபோனார். முதல் மனைவி ஹாரியட்டும் 1863-ல் அப்படித்தான், மகன் ஆஸ்டனைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடியவர். மனுஷன் உடைந்துபோனார். எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்றார். கவுன்சில் விடவில்லை. அந்த நவம்பரில் மூன்றாம் தடவையாக மேயர்.

யோசித்துப் பாருங்கள். கேஸ் தீர்மானம் நிறைவேறியது 1874 ஜனவரியில். சட்டம் வந்தது 1875-ல். தண்ணீர் கைக்கு வந்தது 1876-ல். ஒரே வருஷத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கையில் ஒரு தீர்மானக் காகிதம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மறுதேர்தல் என்பது ஆளுக்குக் கிடைக்கும் மாலை மரியாதை இல்லை. தொடங்கிய வேலையை முடிக்கக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசம் கிடைக்க அவருக்குப் பின்னால் கட்சி இயந்திரம் ஒன்றும் ஓடியது என்பதை மறைக்கக்கூடாது. வார்டு வார்டாகக் கமிட்டி போட்டு, வீடு வீடாகப் போய் ஓட்டைக் கணக்கெடுக்கும் லிபரல் சங்கம். நகரசபைத் தேர்தலுக்குள் கட்சியைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அப்போதே திட்டு வாங்கினார்கள். திட்டியதில் நியாயமும் இருந்தது. சுயேச்சையாக ஜெயித்து வந்தவர்களுக்கெல்லாம் இனி கஷ்டகாலம்.

மூன்றாவது வேலைக்கு வருவோம். இதில்தான் கணக்கு இடிக்கிறது.

ஊர் நடுவில் இருந்த குடிசைப் பகுதி. 1875-ல் லண்டனில் இருந்த கன்சர்வேடிவ் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: சுகாதாரக் கேடான பகுதிகளை நகரசபையே வாங்கி இடித்துப் புதிதாகக் கட்டலாம். எதிர்க்கட்சி கொண்டுவந்த சட்டமாயிற்றே என்று சேம்பர்லின் ஒதுங்கவில்லை. பிடித்துக்கொண்டார். 40 ஏக்கருக்கும் மேல் வாங்குவதாகத் திட்டம். ஆனால் அரசு அனுமதி வருவதற்குள் விஷயம் வெளியே தெரிந்து நில விலை ஏறிவிடுமே? அதற்காக நண்பர்களோடு ஒரு டிரஸ்ட் வைத்து, முன்கூட்டியே மனைகளை வாங்கி, பிறகு ஊருக்குக் கைமாற்றிவிட ஏற்பாடு செய்தார். தன் பணத்திலிருந்து அதில் 10,000 பவுண்ட் போட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ‘எந்த நிலத்தில் என்ன வரப்போகிறது’ என்பது கவுன்சிலருக்கு முன்கூட்டியே தெரியும். அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாததா? அதே தகவலை வைத்து ஊருக்காக முந்திக்கொண்டார் இவர். வியாபார மூளை ஒன்றுதான். யாருக்காக அது வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாமே.

1878-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். எழுந்தது கார்ப்பரேஷன் தெரு. அகலமான ரோடு, அழகழகான கடைகள். மனைகளை விற்கவில்லை, 75 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை முடிந்ததும் நிலமும் கட்டடமும் ஊருக்கே திரும்பும். பேரன் காலத்தில் இந்த ஊர்தான் நாட்டிலேயே பணக்கார நகரசபையாக இருக்கும் என்பது கணக்கு. வருஷா வருஷம் ஓட்டுக் கேட்க வேண்டிய ஆள், 75 வருஷம் கழித்து வரப்போகும் வரவுக்குத் திட்டம் போடுகிறார்! உட்மன் மதுக்கடைக்காரர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடும்.

பலன்? அந்தத் தெரு இருக்கும் பகுதியில் 1873-75-ல் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 53 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1879-81-ல் அது 21 ஆகக் குறைந்தது.

கைதட்டலாம். ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. முதலில் கணக்கெடுத்தபோது அங்கே இருந்தவர்களும், பிறகு கணக்கெடுத்தபோது இருந்தவர்களும் ஒரே ஆட்களா?

இல்லை. இடித்த வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு அங்கே மாற்று வீடு கட்டித் தரவில்லை. தனியார் கட்டுவார்கள் என்று நம்பினார்கள். அவ்வளவு விலையுள்ள மனையில் ஏழைக்கு யார் வீடு கட்டுவார்கள்? 1890-ல்தான் நகரசபை முதன்முதலாகச் சில வீடுகளைக் கட்டியது, ரைடர் தெருவில் 22. அடுத்த வருஷம் இன்னொரு தெருவில் கொஞ்சம். எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம். இடம் பெயர்ந்தவர்கள் பக்கத்துச் சேரிகளில் போய் நெருக்கியடித்துக்கொண்டார்கள். அவர்களோடு அந்த 53-ல் ஒரு பகுதியும் கூடவே போயிருக்கும். கார்ப்பரேஷன் தெருவின் கணக்கில் அது வராது. ஆல்டே கோஷ்டி கூட்ட மறந்த எண் ஒன்று இருந்தது அல்லவா? சேம்பர்லினின் பேரேட்டிலும் ஒரு பக்கம் அப்படிக் காலியாகக் கிடந்தது.

அதற்காகக் கேஸையும் தண்ணீரையும் தள்ளுபடி செய்ய முடியாது. தண்ணீர் ஊர்ச் சொத்தாக இருந்ததால்தான் அடுத்த தலைமுறை பெரிதாக யோசிக்க முடிந்தது. வேல்ஸ் மலையில் அணை கட்டி, 118 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாயும் குழாயுமாக இழுத்து, பம்பு இல்லாமல் சரிவிலேயே பர்மிங்ஹாமுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஈலான் பள்ளத்தாக்குத் திட்டம். 1904-ல் திறந்தது. மூன்று நாளைக்குத் தண்ணீர் விட்ட பழைய கம்பெனி இதைச் செய்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

சேம்பர்லின் 1876 ஜூனில் பார்லிமெண்டுக்குப் போனார். மேயர் பதவியை விட்டார். பார்க், ரோடு, மார்க்கெட், கேஸ், தண்ணீர் என்று மூன்றே வருஷத்தில் ஊரையே புரட்டிப்போட்டுவிட்டேன் என்று நண்பருக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினார். பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை. பின்னாளில் நகரசபையைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர் என்பது ஒரு கூட்டுப் பங்கு நிறுவனம். ஊரில் உள்ள ஒவ்வொருவரும் பங்குதாரர். டிவிடெண்ட் பணமாக வராது. ஆரோக்கியமாகவும் வசதியாகவும் வரும் என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். பங்குதாரருக்கு டிவிடெண்ட் மட்டும் உரிமை இல்லை. வருஷாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. குடிசையைக் காலி செய்துவிட்டுப் போனவரும் பங்குதாரர்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் அந்தச் சொத்தெல்லாம் என்ன ஆயிற்று? கேஸ் 1949-ல் தேசியமயமாகிக் கைவிட்டுப் போனது. தண்ணீர் 1974-ல் வட்டார வாரியத்துக்குப் போய், 1989-ல் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது. ஆக, சேம்பர்லின் தனியாரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த தண்ணீர் 113 வருஷத்தில் மறுபடி தனியாரிடமே போய்ச் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரசபை கையை விரித்தது. பெண் ஊழியர்களுக்குச் சம சம்பள பாக்கி, சொதப்பிய கம்ப்யூட்டர் திட்டம் என்று செலவு கழுத்துக்கு வந்துவிட்டது; அவசியச் செலவு தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவித்தார்கள். சொத்துகளை விற்றுச் சமாளிக்க முடிவெடுத்தார்கள். பேரன் காலத்தில் பணக்கார ஊராகும் என்று போட்ட கணக்கு, எள்ளுப் பேரன் காலத்தில் இப்படி வந்து நின்றது.

சேம்பர்லின் கணக்கு தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. எவ்வளவு நல்ல முதலீடாக இருந்தாலும் அடுத்தடுத்து வருகிறவர்களும் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அடுத்த முறை உங்கள் வார்டில் ஒரு முதலாளி இரண்டாம் தடவையாக ஓட்டுக் கேட்டுக் கை கூப்பி வந்தால், அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று கேட்காதீர்கள். எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்றுகூடக் கேட்க வேண்டாம். மூன்றே மூன்று கேட்டால் போதும். உங்கள் காலத்தில் பூமிக்கு அடியில் என்ன புதைத்தீர்கள்? எதில் லாபம் வேண்டாம் என்று விட்டீர்கள்? யாரைக் காலி பண்ணச் சொன்னீர்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குக் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால், தாராளமாகப் போடுங்கள் ஓட்டு.